பின்சக்கரத்தின் முனகல்

சென்ற இதழில் தையல் இயந்திரத்திற்கு எண்ணெய் இடும் முறை பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம் மாவரைக்கும் கிரைண்டரைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்; இன்ஷா அல்லாஹ், கிரைண்டர் அடுத்த மாதம் வரும். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு அதனைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

என் தங்கை, அங்கே வேலையில் இருக்கும் மகனோடு மூன்று மாதம் தங்கிவரச் சென்றிருந்தாள். அவள் மகன், அதாவது என் மருமகன், சென்ற ஆண்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தான். இரண்டே இரண்டு பேர் அமரக்கூடிய, கூரையை மடித்துவிடக்கூடிய, தரையோடு தரையாக ஊர்ந்து செல்லும் வண்டி. 1974-ஆம் ஆண்டின் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். தாயை அதில் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. தங்கையும் மறுக்கவில்லை. துப்பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறி அமர்ந்திருக்கிறாள். ஒரு மைல் தூரம் போயிருக்க மாட்டார்கள். "வண்டியை நிறுத்து" என்றாளாம். நிறுத்தியதும் இறங்கி, ஒரு வார்த்தையும் பேசாமல், வந்த வழியே வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டாளாம்.

"மாமு, அம்மா ஏன் இப்படிச் செய்கிறார்கள்? கேட்டால், உன் மாமுவைக் கேள் என்கிறார்கள்" என்று அன்றிரவே அழைத்தான். அவன் குரலில் கோபமும் இருந்தது, அவமானமும் இருந்தது.

"வண்டியில் ஏதாவது சத்தம் வருகிறதா?" என்று கேட்டேன்.

"லேசாக ஒரு முனகல் இருக்கிறது. பழைய வண்டிதானே மாமு."

மறுநாள் அவன் வண்டியை ஓட்டும்போது பக்கத்தில் ஒரு நண்பரை அமர்த்தி, அந்தச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பினான். திருத்துறைப்பூண்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதைக் கேட்டேன். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் கேட்காதிருந்த ஓசை அது. தங்கையைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் அத்தா திருத்துறைப்பூண்டியில் சிறிய அரிசி ஆலை ஒன்றை நடத்திவந்தார்கள். 1967-இல் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வாங்கினார்கள். இன்றைய இளைஞர்களுக்கு அப்பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு–ட்ரையம்ஃப் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட ட்ரையம்ஃப் ஹெரால்டு காரை, சென்னையை அடுத்த வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் நம் நாட்டிலேயே செய்து விற்றது. 948 சி.சி. எஞ்சின். எங்களுடையது இரண்டு கதவு வண்டி. பின்னிருக்கைக்குச் செல்ல முன்னிருக்கையைச் சாய்த்துக் குனிந்து நுழைய வேண்டும். பெண்கள் அதற்குப் படும் பாட்டைச் சொல்லி அம்மா தினமும் அத்தாவைக் கேலி செய்வார்கள். ஆனால் மிகக் குறுகிய தெருவிலும் ஒரே வளைப்பில் திரும்பிவிடும் அழகு வேறெந்த வண்டிக்கும் அன்று இல்லை.

இந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சற்றுக் குறுக்கி, அதன் மேல் ஸ்போர்ட்ஸ் கார் உடலைப் பொருத்தி, 1962-இல் அதே நிறுவனம் வெளியிட்டதுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டனுக்கும் உருவம் வரைந்தவர் ஒருவரே. இத்தாலியைச் சேர்ந்த ஜியோவான்னி மிக்கெலாட்டி. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற விமானத்தின் பெயரைத் தாங்கிய அந்தக் கார் 1980 வரை, மூன்று லட்சத்திற்கும் அதிகமாகச் செய்யப்பட்டது. மருமகன் அதை வாங்கியதே, "பாட்டனாரின் காருக்குத் தம்பி" என்று நான் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்துத்தான். பின்சக்கர அமைப்பில் இரண்டும் உடன்பிறப்புகளே. ஆகவே நோயும் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை.

அந்த அமைப்பைச் சிறிது விளக்கினால்தான் பின்னால் சொல்லப்போவது புரியும். அம்பாசடர் முதலிய கார்களில் இரண்டு பின்சக்கரங்களையும் இணைத்து, குறுக்கே ஒரே இரும்புக் குழாய் போன்ற ஆக்சில் இருக்கும். ஹெரால்டில் அவ்வாறில்லை. நடுவில் டிஃபரென்ஷியல் பெட்டி அடிச்சட்டத்தோடு அசையாமல் நிற்கும். அதன் இருபுறமும் கை போல நீண்டிருக்கும் இரண்டு ஷாஃப்ட்டுகள், நம் மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்று அழைக்கும் மூட்டைப் பற்றிக்கொண்டு, பறவை சிறகடிப்பது போல் மேலும் கீழும் ஆடும். சிறகின் நுனியில் சக்கரம். சக்கரம் மாட்டப்படும் ஹப்பை நம் மாட்டு வண்டிக்காரர்கள் 'குடம்' என்பார்கள். அந்த ஹப், கூம்பாகக் கடையப்பட்ட ஷாஃப்ட்டின் முனையில் ஏறி, ஒற்றை நட்டினால் இறுக்கப்பட்டிருக்கும். பிரேக் டிரம்மும் அந்த ஹப்பின் மேல்தான். அதாவது, ஷாஃப்ட்டின் முனை முறிந்தால் சக்கரம், ஹப், டிரம் ஆகிய மூன்றும் ஒருங்கே வண்டியை விட்டு விடைபெற்றுக்கொள்ளும். அவற்றைப் பிடித்து நிறுத்த வேறெதுவும் இல்லை.

அந்த ஷாஃப்ட் சுழல்வதற்கு இரண்டு பேரிங்குகள். பாடநூல்கள் 'தாங்கி' என்று அழகாகச் சொல்லும். பட்டறையில் பேரிங் என்றால்தான் எடுத்துத் தருவார்கள். சக்கரத்தை ஒட்டி வெளிப்புறத்தில் குண்டுகள் உருளும் பால் பேரிங். உட்புறத்தில் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் வரிசையாக அடுக்கப்பட்ட நீடில் பேரிங். ஆட்டுக்கல்லை இடம் மாற்ற வேண்டுமானால் அடியில் உருட்டுக்கட்டையைக் கொடுத்துத் தள்ளுகிறோமல்லவா, தத்துவம் அவ்வளவே. தேய்ந்து இழுபடுவதை உருண்டு செல்வதாக மாற்றுவது. வண்டி அச்சில் இரும்புக் குண்டுகளை வைத்து இதைச் செய்யலாம் என்று வேல்ஸ் நாட்டின் பிலிப் வான் என்பவர் 1794-இலேயே காப்புரிமை பெற்றிருக்கிறார்.

ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் உள்ள ஒரு நுட்பத்தை மட்டும் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பால் பேரிங்கிற்கு உள்வளையம், வெளிவளையம் என இரண்டு உண்டு. குண்டுகள் அவற்றிற்கிடையே உருளும். இந்த நீடில் பேரிங்கிற்கு உள்வளையம் கிடையாது. ஊசிகள் நேரடியாக ஷாஃப்ட்டின் உடலின் மீதே உருளுகின்றன. ஷாஃப்ட்டே பேரிங்கின் ஒரு பாதி. ஊசிகள் கெட்டால் ஷாஃப்ட்டும் கெடும். ஷாஃப்ட்டில் தடம் விழுந்த பிறகு எத்தனை புதிய பேரிங் போட்டாலும், பள்ளம் விழுந்த சாலையில் புதிய சக்கரம் ஓட்டிய கதைதான்.

இவையெல்லாம் 1979-க்கு முன் எங்களுக்குத் தெரியாது.

ஆலையில் பேரிங்கின் குரலை அறிவதில் அத்தாவுக்கு நிகர் அவர்களே. நெல் அரைபடும் பேரிரைச்சலுக்கு நடுவே, நீண்ட திருப்புளியின் முனையை இயந்திரத்தின் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, "இந்தப் பேரிங் இன்னும் பத்து நாள் தாங்காது" என்பார்கள். அப்படியே நடக்கும். அத்தகையவர், 1978-ஆம் ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயம் ஹெரால்டின் இடப்பக்கப் பின்சக்கரத்திலிருந்து முனகல் கேட்கத் தொடங்கியபோது, அதைப் புறக்கணித்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் டெல்டாச் சாலைகளின் நிலை வாசகர்கள் அறிந்ததே. வாய்க்கால் எது, சாலை எது என்று தெரியாத இடங்களில் சக்கரம் பாதி மூழ்க வண்டி சென்று வந்தது. அந்த நீர் ஆயில் சீலைக் கடந்து உள்ளே புகுந்திருக்க வேண்டும். ஒரு பட்டறையில் காட்டினோம், பெயர் வேண்டாம். "டயர் சத்தம்" என்றார்கள். முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றினார்கள். முனகல் மாறவில்லை. அத்தா மீண்டும் காட்டச் செல்லவில்லை. தை பிறந்துவிட்டது, சம்பா அறுவடை, ஆலையில் இரவு பகலாக வேலை. அத்தாவின் காதுக்கு அது டயர் அல்ல என்று தெரிந்திருக்கும் என்றே இன்றும் நான் நம்புகிறேன். ஆனால் அந்த மாதத்தில் காரை நிறுத்திவைக்க அவர்களுக்கு இடமில்லை.

1979 ஜனவரியில் முத்துப்பேட்டையில் உறவினர் வீட்டு நிக்காஹ். விருந்து முடிந்து இஷாவுக்குப் பின் திரும்பினோம். முன்னே அத்தாவும் அம்மாவும். பின்னே நானும் தங்கையும். எனக்கு 17 வயது; அவளுக்கு 10. முனகல் அன்று உறுமலாக மாறியிருந்தது. அந்தக் குறுகிய சாலையில் அறுத்த நெற்கதிர்க் கட்டுகளை ஏற்றிய வண்டிகள் எதிரே வந்துகொண்டிருந்ததால் அத்தா மெதுவாகவே ஓட்டினார்கள். ஒரு வலப்பக்க வளைவில், பல்லைக் கடிப்பது போன்ற ஓசை. உடனே மரம் முறிவது போன்ற ஓசை. வண்டி இடப்புறம் சரிந்தது. அத்தா பிரேக்கை மிதித்தார்கள். பெடல் அடியோடு போய்விட்டது. டிரம் கழன்றதும் அதனுள் இருந்த பிரேக் பிஸ்டன்கள் வெளியே தள்ளப்பட்டு எண்ணெய் முழுவதும் கொட்டிவிட்டது. அன்றைய கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்த் தொடர். ஓரிடத்தில் ஒழுகினால் எல்லாம் போயிற்று. முகவிளக்கின் வெளிச்சத்தில் எங்களை முந்திக்கொண்டு ஒரு சக்கரம் உருண்டோடிச் சாலையோரம் மறைவதைக் கண்டேன். அது எங்கள் சக்கரம்தான் என்பது புரியவே சற்று நேரமாயிற்று.

வாய்க்கால் கரையில் மோதி வண்டி நின்றது. நான்கடி தள்ளியிருந்தால் நீருக்குள் போயிருக்கும். அம்மாவின் கையில் வளையல்கள் உடைந்து கீறியிருந்தன. முன்னிருக்கையின் விளிம்பில் அடிபட்டுத் தங்கையின் காறை எலும்பு முறிந்திருந்தது. அவள் அழவில்லை. "அத்தா, சத்தம் நின்றுவிட்டது" என்றாள். அதைக் கேட்டு அத்தா ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

விடிந்த பிறகு, கதிர் ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒருவர், மாடுகளை அவிழ்த்துப் பூட்டிக் காரைக் கரையிலிருந்து இழுத்துக் கொடுத்தார். அறுத்த வயலின் தாளடியில் கிடந்த சக்கரத்தையும் அவரே தேடி உருட்டி வந்தார். முறிந்த முனையை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இதற்கு மசை எங்கே போடுவீர்கள்?" என்று கேட்டார்.

மசை என்றால் மாட்டு வண்டியின் அச்சுக்கு இடும் கறுப்பு மை. வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்வார்கள். கடையாணியைப் பிடுங்கிச் சக்கரத்தைச் சற்று வெளியே இழுத்து, இருசில் மசையைத் தடவாமல் எந்த வண்டிக்காரரும் நெடும்பயணம் தொடங்குவதில்லை. அவர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. அத்தா என்னைப் பார்த்தார்கள். நான் அத்தாவைப் பார்த்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த வண்டியை வைத்திருந்தோம்.

பிறகு வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் படித்தபோது விடை கிடைத்தது. பேரிங்குகள் அமர்ந்திருக்கும் கூட்டில் ஒரு சிறு திருகு மூடி உண்டு. அதைக் கழற்றி, அவ்விடத்தில் கிரீஸ் நிப்பிளைத் திருகி, துப்பாக்கியால் சில அழுத்துக் கிரீஸ் செலுத்திவிட்டு, மறுபடி மூடியைப் போட வேண்டும். சுமார் 12,000 மைலுக்கு ஒரு முறை. நிப்பிள் நிரந்தரமாக இல்லாததால், சர்வீஸுக்கு விடும் இடங்களில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. எங்கள் வண்டியில் அந்த மூடி சேற்றால் பூசி மெழுகப்பட்டுத் தடவினாலும் தெரியாத நிலையில் இருந்தது.

முறிந்த ஷாஃப்ட்டின் வெட்டுமுகம் இரண்டு நிறமாக இருந்ததை நான் மறக்க முடியாது. பெரும்பகுதி கறுத்து, வழுவழுப்பாக, சிப்பியின் கோடுகளைப் போன்ற வரிகளோடு இருந்தது. ஓரத்தில் சிறு பகுதி மட்டும் புதிதாக உடைந்த வெல்லக் கட்டியைப் போல் பளபளத்தது. பின்னாளில் பாலிடெக்னிக்கில் படித்தபோதுதான் இதன் பொருளை அறிந்தேன். பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆட்டம் காணும்போது, ஒவ்வொரு சுற்றிலும் அது ஒரு முடியளவு வளைந்து நிமிர்கிறது. அந்த அளவுச் சக்கரம் ஒரு கிலோமீட்டரில் ஐந்நூறு முறைக்கு மேல் சுற்றும். சாவி பதியும் பள்ளத்தின் மூலையில் மயிரிழை போன்ற விரிசல் தொடங்கி, நாள்தோறும் சிறிது சிறிதாக உள்ளே செல்கிறது. கறுத்த பகுதி, பல வாரங்களாகப் பிளந்துகொண்டே வந்தது. பளபளத்த சிறு பகுதிதான் அந்த இரவில் முறிந்தது.

பழுது பார்த்ததிலும் ஒரு பாடம் கற்றோம். வலப்பக்கப் பேரிங்கையும் மாற்றிவிடலாம் என்று தொடங்கியபோது, கூம்பில் இறுகியிருந்த ஹப் வெளியே வர மறுத்தது. பட்டறைக்காரர் சம்மட்டியை எடுத்தார். ஹப் வந்தது, ஆனால் அதன் விளிம்பு கோணிவிட்டது. சக்கரத்தை மாட்டிச் சுற்றினால் தள்ளாடியது. சென்னைக்கு ஆள் அனுப்பி இன்னொரு ஹப் வாங்க வேண்டியதாயிற்று. நம் நாட்டு மெக்கானிக்குகளும் உரிமையாளர்களும் இந்தச் சிறகு ஆக்சிலை விரும்பாததால்தான், ஹெரால்டுக்கு அடுத்து வந்த கேஸல் காரில் நிறுவனமே அதைக் கைவிட்டு, அம்பாசடரைப் போன்ற ஒரே ஆக்சிலுக்கு மாறியது. 1977-இல் அந்தக் காரும் நின்றுபோயிற்று. பழி முழுவதையும் அந்த ஆக்சிலின் மேல் போடுவது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. மசை போடாத மாட்டு வண்டியும் குடை சாயும். அது நிற்க, 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த சில மாதங்களில் எங்கள் ஹெரால்டை விற்றுவிட்டோம். முறிந்த ஷாஃப்ட்டின் முனையை மட்டும் அத்தா விற்கவில்லை. ஆலையின் கல்லாப் பெட்டியில் காகிதங்களுக்குப் பாரமாக வைத்திருந்தார்கள்.

இவ்வளவையும் மருமகனிடம் சொன்னேன். அவன் தாய் தன் தோளைப் பற்றி இதுவரை அவனிடம் சொன்னதில்லை போலும். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். "நான் என்ன செய்ய வேண்டும் மாமு?" என்றான்.

முதலில் சத்தத்தை விசாரிக்கச் சொன்னேன். வாசகர்களுக்கும் இது பயன்படும். எந்தக் காருக்கும் பொருந்தும். புதிய தார்ச்சாலையிலும் சொரசொரப்பான சாலையிலும் சத்தம் ஒன்றுபோல் இருந்தால் அது டயர் அல்ல. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சத்தத்தின் தன்மை மாறினால் டிஃபரென்ஷியலைச் சந்தேகிக்கலாம். மாறாமல் வேகத்தோடு மட்டுமே ஏறி இறங்கினால் சக்கரத்துப் பேரிங். வலப்புறம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடச்சக்கரத்தின் மேல் சாயும். அப்போது சத்தம் கூடினால் இடப்பக்கப் பேரிங் என்று பெரும்பாலும் துணியலாம். அவன் வண்டியில் வலப்புறம் திரும்பும்போதுதான் கூடியது. பிறகு ஜாக்கியில் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தான். ஆட்டம் இருந்தது. இவ்வகைக் காரில் சக்கரத்தைத் தாங்கும் இணைப்பின் புஷ் தேய்ந்தாலும் இதே ஆட்டம் வரும். ஆகவே ஒருவர் ஆட்ட, இன்னொருவர் டிரம்முக்கும் அதன் பின்தகட்டிற்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். அந்த இடைவெளி மாறினால் குற்றவாளி பேரிங்தான். பார்த்தவர் என் தங்கை. "அசைகிறது" என்றாளாம்.

விற்றவர் கொடுத்த காகிதங்களில், மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் பேரிங் மாற்றப்பட்டதாக எழுதியிருந்தது. அதைக் காட்டி அவன் வாதாடினான். கழற்றினால்தான் தெரியும் என்றேன்.

கழற்றுவது ஒரு நாள் வேலை. சக்கரத்தையும் டிரம்மையும் எடுத்து, பிரேக் குழாயையும் கைபிரேக் கம்பியையும் பிரித்து, டிஃபரென்ஷியல் ஓரம் உள்ள நான்கு போல்ட்டுகளை நீக்க வேண்டும். ஷாக் அப்சார்பரைக் கழற்றுமுன் அடியில் இன்னொரு ஜாக்கியை முட்டுக் கொடுப்பது மிக முக்கியம். குறுக்கே கிடக்கும் லீஃப் ஸ்பிரிங்கைத் தடுத்து நிறுத்தியிருப்பது அந்த அப்சார்பர்தான். விட்டால் காலில் இறங்கும். பிறகு ஷாஃப்ட்டை ஹப்போடும் கூட்டோடும் சேர்த்து வெளியே எடுத்து மேசையின் மேல் வைத்துக்கொள்ளலாம்.

ஹப்பைப் பிடுங்குவதற்கென்றே, விளிம்பை வளைக்காமல் போல்ட்டுகள் அனைத்தையும் சமமாகப் பற்றி இழுக்கும் கனத்த புல்லர் உண்டு. சாதாரண மூன்று கால் புல்லர் உதவாது. சம்மட்டி செய்ததையே அதுவும் செய்யும். இங்கிலாந்தில் இந்தக் கார்களுக்கென்றே ட்ரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் என்ற சங்கம் 1977 முதல் இயங்கிவருகிறது. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டுக்கும் உதிரிபாகங்கள் இன்றும் அங்கே கிடைக்கின்றன. நமக்கு வண்டலூர்த் தொழிற்சாலையின் நினைவு மட்டுமே மிஞ்சியிருக்க, அங்கே ஐம்பது ஆண்டு கழிந்த காருக்குப் புது ஷாஃப்ட் வாங்கலாம் என்பதை எண்ணி எனக்குப் பொறாமையாகவே இருந்தது. மருமகன் தன்னைப் போலவே ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கும் ஒருவரிடம் புல்லரை இரவல் பெற்றான். நட்டை முழுவதும் கழற்றாமல், ஷாஃப்ட்டின் முனையோடு சமமாக நிறுத்திவைக்கச் சொன்னேன். கூம்பு விடும்போது துப்பாக்கி வெடித்தாற்போல் விடும். நட்டு இல்லையேல் ஹப் பறந்து வரும். புல்லரை இறுக்கி, அப்படியே விட்டுவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றிருக்கிறான். உள்ளே இருக்கும்போது வெடித்த ஓசை கேட்டுத் தங்கை கோப்பையைக் கீழே போட்டுவிட்டாளாம்.

கூட்டைப் பிரித்து ஷாஃப்ட்டைத் துடைத்துப் படம் எடுத்து அனுப்பினான். நான் அஞ்சியதுதான். ஊசிகள் உருளும் இடத்தில், விரல் நகத்தால் தடவினாலே சிக்கும் அளவுக்குத் தடம் விழுந்து, ஊசிக்கு ஊசி இடைவெளியில் துருப்பொட்டுகள் இருந்தன. வண்டி பல குளிர்காலங்கள் ஓடாமல் நின்றிருக்க வேண்டும். கிரீஸ் உலர்ந்து ஈரம் தங்கினால் ஊசிகள் நின்ற இடத்தில் இவ்வாறு பொட்டு விழும். மூன்று ஆண்டுகளுக்கு முன் பேரிங் மாற்றியது உண்மைதான். ஆனால் புதிய பேரிங்கைப் பழைய ஷாஃப்ட்டின் மீதே ஏற்றியிருக்கிறார்கள்.

அடுத்த இரண்டு நாட்கள் எங்களிடையே சிறு மனத்தாங்கல். பேரிங்கின் விலை சொற்பம். ஷாஃப்ட்டின் விலை அதைவிடப் பல மடங்கு. தாய் ஊர் திரும்ப மூன்று வாரமே இருந்தது. "இப்போதைக்குப் பேரிங் மட்டும் போட்டுக்கொள்கிறேன் மாமு, மெதுவாகத்தானே ஓட்டப்போகிறேன்" என்றான். அத்தாவும் மெதுவாகத்தான் ஓட்டினார்கள் என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. எழுந்து போய், அத்தாவின் பெட்டியிலிருந்த அந்த முறிந்த முனையை எடுத்து, வெட்டுமுகம் தெரியுமாறு வெயிலில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் ஷாஃப்ட்டுக்குப் பணம் கட்டிவிட்டதாகச் செய்தி வந்தது. அளவைச் சரிபார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். பிந்திய ஸ்பிட்ஃபயர்களில் அந்த ஷாஃப்ட் ஓரங்குலம் கூடுதல் நீளம். மாற்றி வாங்கிவிட்டால் மீண்டும் காத்திருக்க வேண்டும்.

புதிய பேரிங்கை ஏற்றுவதில் பொறுமையே பாதி வேலை. பேரிங்கைக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் ஓரிரவு வைத்து, கூட்டைச் சூடாக்கினால், ஒன்று சுருங்கி மற்றது விரிந்து எளிதில் அமரும். அதற்காகப் பேரிங்கைப் பையில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தவன், இறைச்சிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். அதற்குத் தங்கையிடம் வாங்கிய வசவை அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். நீடில் பேரிங்கை அழுத்தும்போது எழுத்துப் பொறித்த பக்கத்தின் மேல்தான் அழுத்த வேண்டும். அந்தப் பக்கமே கெட்டியானது. பால் பேரிங்கை எந்த வளையம் இறுக்கமாகப் பொருந்துகிறதோ அந்த வளையத்தின் மேல் அழுத்த வேண்டும். மற்ற வளையத்தில் அழுத்தினால் விசை குண்டுகளின் வழியே சென்று, புதிய பேரிங்கிலேயே பள்ளம் விழும். முதல் நாளிலிருந்தே முனகும். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் அதே கதிதான். ஆயில் சீலின் உதடு கிரீஸ் இருக்கும் பக்கம் நோக்கியிருக்க வேண்டும். கூம்பில் மட்டும் கிரீஸ் தடவக் கூடாது. துடைத்து உலர்த்தி மாட்ட வேண்டும். நட்டு புதியதாக இருக்க வேண்டும். நூறு அடி-பவுண்டு அளவுக்குக் குறையாத இறுக்கத்தை, கைக்கணக்கில் அல்லாமல் டார்க் ரெஞ்ச் கொண்டு அளந்து தர வேண்டும். கடைசியாக, குழாயைப் பிரித்ததால் உள்ளே புகுந்த காற்றைப் பிரேக்கிலிருந்து வெளியேற்ற வேண்டும். இதை மறந்தவர்கள் முதல் திருப்பத்தில் நினைத்துக்கொள்வார்கள்.

பேரிங் வாங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. பெயர்பெற்ற நிறுவனங்களின் பெட்டியைப் போலவே அச்சடித்துப் போலிச் சரக்கு விற்பது உலகெங்கும் நடக்கிறது. எஸ்.கே.எஃப். நிறுவனம் இதற்காகவே, படம் எடுத்து அனுப்பிச் சோதித்துக்கொள்ளும் கைப்பேசிச் செயலியை வெளியிட்டிருக்கிறது. பாதி விலையில் கிடைக்கும் பேரிங்கைக் கண்டு மகிழ வேண்டாம்.

இரு பக்கமும் முடித்து, முதலில் அவன் தனியே இருபது மைல் ஓட்டினான். திரும்பி வந்து நட்டின் இறுக்கத்தை மறுபடி சோதித்தான். முனகல் இல்லை. ஊருக்குத் திரும்ப ஐந்து நாள் இருக்கையில், அவன் கேட்காமலே தங்கை போய்க் காரில் அமர்ந்தாளாம். நாற்பது மைல் சென்றிருக்கிறார்கள். வழியில் நிறுத்திய ஒவ்வோரிடத்திலும் அவள் இறங்கிப் பின்பக்கம் போய், இரண்டு சக்கரங்களின் நடுவிலும் மாறி மாறி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாளாம். பிரேக்கினால் சூடு இருக்கத்தான் செய்யும். ஒன்று மற்றதைவிடக் கூடுதலாகச் சுட்டால்தான் கவலை. இதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆலையில் அத்தா அப்படித்தான் பார்ப்பார்கள்.

வீட்டு வாசலில் இறங்கியதும் மகனிடம் அவள் கேட்டது ஒன்றுதானாம்.

"மசை போட ஓட்டை எங்கே இருக்கிறது? காட்டு."

அவன் தரையில் படுத்துக் காட்டியிருக்கிறான்.

கிரைண்டருக்கும் பேரிங் உண்டு. அதை அடுத்த மாதம் பார்ப்போம்.